கேட்டபின் வரும் கடமை

ஒரு பள்ளியைப் பற்றி அரசு வைத்திருக்கும் கோப்பைப் புரட்டினால் மாணவர் எண்ணிக்கை, வகுப்பறைகள், கழிப்பறைகள், தேர்ச்சி விழுக்காடு, காலிப் பணியிடங்கள் என்று எல்லாக் கணக்கும் கிடைக்கும். அந்தப் பள்ளியில் வேலை செய்வது எப்படி இருக்கிறது என்ற கணக்கு மட்டும் கிடைக்காது. பாடம் தயாரிக்க நேரம் இருக்கிறதா, சேட்டை செய்யும் மாணவனைக் கண்டித்தால் தலைமை ஆசிரியர் துணை நிற்பாரா, கூட்டத்தில் மனத்தில் பட்டதைச் சொல்ல முடியுமா என்பவை ஆசிரியரின் ஒவ்வொரு நாளையும் தீர்மானிக்கின்றன. அவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2002-இல் இந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கியது. அப்போதைய ஆளுநர் மைக் ஈஸ்லியின் முன்முயற்சியில், மாநிலத்தின் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் அனைவரிடமும் அவர்களுடைய பணிச்சூழலைப் பற்றிக் கேட்கப்பட்டது. ஒரு மாநிலம் முழுவதிலும் இப்படிக் கேட்டது அந்நாட்டில் அதுவே முதல்முறை. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று அந்தக் கணக்கெடுப்பு இருபதாண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்து நடந்துவருகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்ற இரண்டையும் எடைபோட இவ்வளவு நீண்ட அனுபவம் வேறிடத்தில் கிடைப்பது அரிது. அதை ஆராய்ந்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. ஆசிரியர் தரும் பதில் நம்பத்தக்க அளவீடுதான். ஆனால் ஒவ்வொரு குறையையும் அதைத் தீர்க்கும் அதிகாரம் உள்ளவரின் மேசையில் கொண்டுபோய் வைக்காதவரை அந்த அளவீட்டால் பள்ளி மாறாது.

முதலில் கணக்கெடுப்பின் அமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆசிரியருக்கும் பெயர் இல்லாத ஒரு குறியீட்டு எண் தரப்படுகிறது. அதைக் கொண்டு இணையத்தில் நுழைந்து பதில் அளிக்க வேண்டும். எந்தப் பள்ளியிலிருந்து பதில் வந்தது என்பது தெரியும். யார் எழுதினார் என்பது தெரியாது. நேரம், கட்டடமும் கருவிகளும், பெற்றோர் மற்றும் ஊராரின் ஆதரவு, மாணவர் ஒழுங்கு, முடிவுகளில் ஆசிரியரின் பங்கு, பள்ளித் தலைமை, பணியிடைப் பயிற்சி, கற்பித்தலுக்கான துணை என்று கேள்விகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ‘உங்கள் வேலை பிடித்திருக்கிறதா’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட்டு நிறுத்துவதில்லை. நகலெடுக்கும் இயந்திரமும் தாளும் தேவையான அளவு கிடைக்கின்றனவா? கற்பித்தலுக்குத் தொடர்பில்லாத வேலைகளிலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு உண்டா? பள்ளியில் ஒருவரை ஒருவர் நம்பும் சூழல் இருக்கிறதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் படிவம் நிரப்புவதில் போகிறது? அடுத்த ஆண்டு இதே பள்ளியில் இருக்க எண்ணுகிறீர்களா? இப்படிக் கைக்கு அகப்படும் கேள்விகளாகக் கேட்பதால், விடைகளும் செயலுக்கு உதவும் விடைகளாக வருகின்றன. 2010-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அதாவது கேட்கப்பட்டவர்களில் சுமார் 89 விழுக்காட்டினர், பதில் அளித்தார்கள். போதிய விகிதத்தில் பதில் வந்த பள்ளிகளின் முடிவுகள் பள்ளிவாரியாகப் பொதுவில் வைக்கப்படுகின்றன. பெற்றோரும் பார்க்கலாம், வேலை தேடும் இளம் ஆசிரியரும் பார்க்கலாம். மாநிலச் சராசரியை மட்டும் சொன்னால் எந்தப் பள்ளிக்கும் அதில் வேலை இல்லை. நம் பள்ளி, நம் எண் என்று வரும்போதுதான் அது உறைக்கிறது.

இந்தப் பதில்களை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. டியூக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஹெலன் லாட் 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தரவுகளை எடுத்து, 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் அதிகமாக வெளியேறுகிறார்கள் என்பது முன்பே அறிந்த செய்தி. குழந்தைகளின் பின்னணிதான் காரணம் என்று பலர் அதை விளக்கிவந்தார்கள். மாணவர்களின் இனம், வறுமை, மதிப்பெண் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும், ஆசிரியர்கள் தங்கள் பணிச்சூழலைப் பற்றிச் சொன்னவை அவர்கள் வெளியேற நினைப்பதை முன்கூட்டியே காட்டின என்று லாட் கண்டார். அவற்றுள் மிக வலுவாக நின்றது பள்ளித் தலைமை பற்றிய கருத்து. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதேபோன்ற கணக்கெடுப்பை ஆராய்ந்த சூசன் மூர் ஜான்சன், மேத்யூ கிராஃப்ட், ஜான் பபே ஆகியோரும் 2012-இல் இதையொட்டிய முடிவுக்கே வந்தார்கள். ஆசிரியரைத் தக்கவைப்பதில் கட்டடத்தையும் கருவியையும்விட, தலைமை ஆசிரியரின் நடத்தையும் சக ஆசிரியர்களோடுள்ள உறவும் பள்ளியின் பொதுப் பண்பாடும் கூடுதல் எடை கொண்டிருந்தன. இதன் பொருள் ஆறுதலளிப்பது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளி என்பதாலேயே ஆசிரியர் ஓடிவிடுவார் என்ற விதி கிடையாது. அவரை ஓடவைப்பவற்றுள் பல, மனிதர்கள் உருவாக்கியவை. ஆகவே மனிதர்களால் மாற்றக்கூடியவை.

ஆசிரியருக்கு வசதி செய்துகொடுப்பதால் குழந்தைக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி குழந்தைகளுக்காகவே இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு நேரடியான விடை வேண்டும். வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் மாவட்டப் பள்ளிகளின் தரவுகளை கிராஃப்ட்டும் பபேயும் மாநிலக் கணக்கெடுப்பின் பதில்களோடு இணைத்துப் பார்த்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆசிரியரின் திறனை மாணவர்களின் தேர்வு முன்னேற்றத்தைக் கொண்டு அளந்தார்கள். பணிச்சூழல் வரிசையில் மேலிருந்து கால் பங்கு இடத்தில் உள்ள பள்ளியையும் கீழிருந்து கால் பங்கு இடத்தில் உள்ள பள்ளியையும் ஒப்பிட்டால், முன்னதில் வேலை செய்த ஆசிரியர் பத்தாண்டுகளில் பின்னதில் இருந்தவரைவிட 38 விழுக்காடு கூடுதலாகத் தேர்ந்திருந்தார். ஆசிரியரின் திறமை பிறவியில் வருவது அல்லது பயிற்சிக் கல்லூரியில் முடிந்துபோவது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இந்த எண் வேறு செய்தியைச் சொல்கிறது. ஒரே தகுதியோடு சேர்ந்த இருவர், சேர்ந்த பள்ளியைப் பொறுத்து வெவ்வேறு ஆசிரியர்களாக வளர்கிறார்கள். நாற்று ஒன்றாக இருந்தாலும் வயல் வேறானால் விளைச்சல் வேறாகும். சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளை 1990-களில் தொடர்ந்து ஆராய்ந்த ஆந்தனி பிரைக்கும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட நூலும் இதற்குத் துணை நிற்கிறது. தலைமை, ஆசிரியரின் தொழில்திறன், பெற்றோர் உறவு, மாணவருக்குப் பாதுகாப்பான சூழல், கற்பித்தல் வழிகாட்டல் ஆகிய ஐந்தில் பெரும்பாலானவற்றில் வலுவாக இருந்த பள்ளிகள், நலிந்திருந்த பள்ளிகளைவிடக் கற்றலில் முன்னேறும் வாய்ப்பு பத்து மடங்கு கொண்டிருந்தன. ஆசிரியரின் பணிச்சூழலும் குழந்தையின் கற்றல் சூழலும் ஒரே கூரையின் கீழ் உள்ள ஒரே பொருள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. ஆசிரியர் சொல்வது அவருடைய எண்ணம்தானே, உண்மை நிலை என்று எப்படிக் கொள்வது? நன்றாகப் படிக்கும் குழந்தைகள் உள்ள பள்ளியில் எல்லாமே நன்றாகத் தெரியும். அதை வைத்துப் பணிச்சூழல் நன்றாக இருப்பதால்தான் குழந்தைகள் படிக்கிறார்கள் என்று சொன்னால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடாதா? ஒரே ஆண்டின் பதில்களை மட்டும் வைத்துப் பேசினால் இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் ஒரே பள்ளியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் முக்கியமாகின்றன. கிராஃப்ட், வில்லியம் மரினெல், டேரிக் யீ ஆகியோர் நியூயார்க் நகர நடுநிலைப் பள்ளிகளை 2008 முதல் 2012 வரை பின்தொடர்ந்தார்கள். ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிடாமல், அதே பள்ளியின் முந்தைய நிலையோடு ஒப்பிட்டார்கள். தலைமை, சக ஆசிரியர் உறவு, பாதுகாப்பு, கல்வி எதிர்பார்ப்பு ஆகியவை உயர்ந்தபோது ஆசிரியர் வெளியேற்றம் குறைந்தது. பாதுகாப்பும் எதிர்பார்ப்பும் உயர்ந்தபோது மாணவர் கற்றலும் உயர்ந்தது. வட கரோலினாவின் பல கணக்கெடுப்புகளைச் சேர்த்து ஆராய்ந்த சூசன் பர்க்ஹவுசர், பள்ளியின் பிற நிலைமைகளைக் கழித்துப் பார்த்த பின்னும், தலைமை ஆசிரியர் யார் என்பதைப் பொறுத்து ஆசிரியர்களின் மதிப்பீடு மாறுவதைக் காட்டினார். பதில்கள் வெறும் மனநிலையின் நிழலாக இருந்தால் இப்படி ஆள் மாறும்போது மாறியிருக்க மாட்டா. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே கணக்கெடுப்புகளில் தலைமை ஆசிரியர்களும் பதில் சொல்கிறார்கள். ஆசிரியர்களைவிட அவர்கள் சூழலை மேலாக மதிப்பிடுவது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. யாரும் பொய் சொல்வதால் வரும் வேறுபாடு இது என்று கொள்ளத் தேவையில்லை. அறைக்கதவு திறந்தே இருக்கிறது என்று உள்ளே இருப்பவர் நினைக்கிறார். உள்ளே போகத் தயங்குவது வெளியே நிற்பவர். தலைமை ஆசிரியரின் அறிக்கையை மட்டும் வைத்து ஒரு பள்ளியை அறிய முடியாது என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

அளவீடு சரியானது என்பது பாதி வழிதான். வெப்பமானி காய்ச்சலைக் குறைப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் யாவும் நல்ல பணிச்சூழல் பலன் தரும் என்று நிறுவுகின்றன; கணக்கெடுத்தாலே பணிச்சூழல் நல்லதாகிவிடும் என்று அவை சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள பாலத்தை யாராவது கட்டியாக வேண்டும். வட கரோலினாவின் சட்டத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மேம்பாட்டுக் குழு உண்டு. ஆசிரியர்களும் பிற பணியாளர்களும் தங்கள் பிரதிநிதிகளை இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். பெற்றோரின் பிரதிநிதிகளும் குழுவில் இருக்கிறார்கள். குழு வகுக்கும் மேம்பாட்டுத் திட்டத்தையும் பணியாளர்கள் இரகசிய வாக்கெடுப்பில் ஏற்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் வேறு பொறுப்பு இல்லாத மதிய உணவு நேரமும், வாரத்துக்குச் சராசரி ஐந்து மணி நேரமாவது பாடம் தயாரிக்கும் நேரமும் கிடைக்க வழிசெய்வதை இலக்காகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உணவு நேரத்தைச் சட்டத்தில் எழுத வேண்டுமா என்று தோன்றலாம். குழந்தைகள் சாப்பிடும் கூடத்தைக் கண்காணித்துக்கொண்டே, நின்றபடி நான்கு வாய் விழுங்கிவிட்டு அடுத்த பாடவேளைக்குப் போகிறவருக்கு அந்த இருபது நிமிடம் எவ்வளவு பெரிது என்பது தெரியும். ‘எங்களுக்கு நேரமே இல்லை’ என்று பதில்களில் வரும் பொதுவான முறையீடு, இந்தக் குழுவின் மேசைக்கு வந்ததும் ‘உணவுக்கூடக் கண்காணிப்பை யார் யார் எந்த நாளில் பகிர்ந்துகொள்வது’ என்ற கேள்வியாக மாறுகிறது. முறையீடு இப்படிக் கால அட்டவணையின் ஒரு கட்டமாகச் சுருங்கினால்தான் அதைத் தீர்க்க முடியும்.

எண்களைக் கையில் கொடுத்துவிட்டால் தலைமை ஆசிரியர் தாமாகத் திருந்திவிடுவார் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஆசிரியர்களின் கருத்துகளைத் தலைமை ஆசிரியர்களுக்குத் திருப்பித் தந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அக்கருத்துகளை எப்படிப் பயன்படுத்துவது என்று தனிப்பட்ட வழிகாட்டலும் அளித்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. மாற்றத்துக்கு ஆதாரம் கிடைத்தது வழிகாட்டலோடு சேர்ந்த கருத்துக்கே. இது இயல்பானது. ‘உங்கள் பள்ளியில் நம்பிக்கை குறைவு’ என்ற ஒரு வரி ஒரு மனிதரைக் காயப்படுத்தும். நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அனுபவம் மிக்க இன்னொரு தலைமை ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து, எந்தக் கேள்வியில் மதிப்பெண் சரிந்திருக்கிறது, அதன் பின்னால் எந்த வழக்கம் இருக்கலாம், வரும் மாதத்தில் மாற்றக்கூடியது எது என்று பிரித்துக் காட்டினால் அந்த வரி பாடமாகிறது. கணக்கெடுப்புக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள் இந்த இரண்டாம் செலவை ஒதுக்காமல் விட்டால் முதல் செலவும் வீணாகும்.

அப்படியானால் பதில்களைத் தலைமை ஆசிரியரின் பதவி உயர்வோடும் தண்டனையோடும் நேராகக் கட்டிவிட்டால் அவர் கவனிக்கத்தானே செய்வார் என்று ஒரு வாதம் உண்டு. கவனிப்பார், உண்மைதான். எதைக் கவனிப்பார் என்பதில்தான் சிக்கல். ஓர் அளவீட்டைக் கொண்டு முடிவெடுப்பது கூடக்கூட அந்த அளவீட்டைத் திரிக்கும் அழுத்தமும் கூடும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே எச்சரித்தார். மதிப்பெண் குறைந்தால் வேலை போகும் என்றால், கணக்கெடுப்பு நடக்கும் மாதத்தில் மட்டும் இனிமையாக நடந்துகொள்வதும், நல்லபடியாக எழுதும்படி குறிப்பால் உணர்த்துவதும் நடக்கும். தேவையான கண்டிப்பைக்கூடத் தவிர்க்கும் பழக்கமும் வரலாம். மறுபுறம், எந்தப் பொறுப்பும் இல்லாவிட்டால் அறிக்கை அலமாரியில் தூங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தலைமை ஆசிரியரை மதிப்பிடும்போது அவர் பெற்ற எண்ணைப் பார்க்காமல், அந்த எண்ணைக் கண்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கேட்கலாம். முடிவுகளை ஆசிரியர்கள் முன் வைத்துப் பேசினாரா, எந்தக் குறையை எடுத்துக்கொண்டார், எதைத் தம்மால் தீர்க்க முடியாது என்று மேலே எழுதி அனுப்பினார் என்று பார்க்கலாம். நடந்த செயலைப் பொய்யாகக் காட்டுவது, எண்ணைத் திரிப்பதைவிடக் கடினம்.

இவற்றைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. கருத்துக் கேட்பது உரிமைக்கு மாற்றாக நிறுத்தப்படுகிறது என்பது அது. வட கரோலினாவைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டுக்கு அடிப்படை இருக்கிறது. பொதுத்துறைப் பணியாளர் சங்கங்களோடு அரசு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வதை 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தடைசெய்கிறது. ஊதியத்தையும் வேலை நேரத்தையும் பேரம் பேசும் உரிமை இல்லாத இடத்தில், படிவத்தில் குறைகளை எழுத இடம் தருகிறோம் என்பது எவ்வளவு தூரம் போதும்? 2018-ஆம் ஆண்டின் வசந்த காலம் இதற்கு விடை சொன்னது. அந்த ஆண்டும் பத்தில் ஒன்பது பேர் கணக்கெடுப்பில் பதில் அளித்தார்கள். அதே ஆண்டு மே 16 அன்று பல்லாயிரம் ஆசிரியர்கள் தலைநகர் ராலேயின் வீதிகளில் திரண்டு, பள்ளிகளுக்கான நிதியையும் ஊதியத்தையும் உயர்த்தக் கோரினார்கள். படிவத்தை நிரப்பிய அதே கைகள்தாம் பதாகையையும் ஏந்தின. கணக்கெடுப்பு பொய்த்துவிட்டது என்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்பவர்கள் உண்டு. குறைகள் வெவ்வேறு முகவரிக்கு உரியவை என்பதற்கான ஆதாரமாகவே நான் இதைப் பார்க்கிறேன். கண்காணிப்புப் பொறுப்பைப் பகிர்வது பள்ளியின் வேலை. ஆலோசகரையும் செவிலியரையும் நியமிப்பது மாவட்டத்தின் வேலை. நிதி ஒதுக்குவது சட்டமன்றத்தின் வேலை. அந்த மாநிலத்தில் அதற்காகவே 1994-இல் தொடங்கிய லியான்ட்ரோ வழக்கு பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. சட்டமன்றத்துக்குப் போக வேண்டிய குறையைப் பள்ளி மேம்பாட்டுக் குழுவின் தலையில் கட்டினால், முடியாத வேலைக்காக ஆசிரியர்களே ஒருவரை ஒருவர் குறைசொல்லும் நிலை வரும். கணக்கெடுப்பு சங்கத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்கம் மேசையில் வைத்துப் பேசத் தேவையான ஆதாரத்தைத் தரும் கருவியாக அது இருக்க வேண்டும்.

இந்த அனுபவம் தமிழ்நாட்டுக்குப் பயன்படுமா என்றால், அடித்தளம் இங்கே ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, வாரத்துக்கு 45 மணி நேர வேலையில் பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகளும் அவசரமாகக் கேட்கப்படும் புள்ளிவிவரங்களும் வகுப்பு நேரத்தைத் தின்கின்றன என்பது ஆசிரியர் இயக்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. எந்த ஒன்றியத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இப்படிப் போகிறது என்று ஆசிரியர்களிடமே முறையாகக் கேட்டு வெளியிட்டால், 27-ஆம் பிரிவு கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதற்கு ஊகமில்லாத விடை கிடைக்கும். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. நம் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பலவற்றில் தலைமை ஆசிரியரோடு இன்னொருவர் மட்டுமே இருப்பார். அங்கே பெயர் கேட்காவிட்டாலும் எழுதியவர் யார் என்பது மறுநாளே தெரிந்துவிடும். அத்தகைய பள்ளிகளின் பதில்களைக் குறுவள மைய அளவில் ஒன்றுசேர்த்துத்தான் வெளியிட வேண்டும். பயமில்லாமல் எழுத முடியாத இடத்தில் வரும் நல்ல பதில், பதிலே வராததைவிட ஆபத்தானது. குறை இல்லை என்ற பொய்ச் சான்றிதழாக அது நின்றுவிடும்.

ஆசிரியர்களிடம் கேட்க முடிவெடுக்கும் எந்த அரசும் முதல் கேள்வியை அச்சடிக்கும் முன்பே சிலவற்றைத் தீர்மானித்துவிட வேண்டும். பதில்கள் எந்தத் தேதிக்குள் பள்ளிக்குத் திரும்பும்? அவற்றை யார் யார் உட்கார்ந்து படிப்பார்கள்? பள்ளியில் தீராத குறை எந்த அலுவலகத்துக்குப் போகும், அந்த அலுவலகம் எத்தனை நாளில் எழுத்தில் விடை தரும்? இவற்றுக்கு விடை இல்லாமல் கேட்பது தீங்கில்லாத வீண்வேலை என்று நினைக்கக் கூடாது. கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருமுறை கண்ட ஆசிரியர் அடுத்த முறை உண்மையை எழுத மாட்டார். எழுதினாலும் நம்பி எழுத மாட்டார். பேசினால் பயன் உண்டு என்ற அந்த நம்பிக்கைதான் எல்லாப் பணிச்சூழலுக்கும் அடியில் கிடக்கும் மண். வட கரோலினாவில் பத்துக்கு ஒன்பது பேர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். உணவு நேரம் அட்டவணையில் ஏறிய பள்ளியில் அவர்கள் எழுதியதற்குப் பயன் கிடைத்தது. நிதிக்காக வீதியில் இறங்க வேண்டியிருந்த இடத்தில், எழுதியது இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு முன் செய்ய வேண்டிய வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.